காலியில் பத்து லிட்டர்

புதுப்பட்டினம் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அம்மா சொன்னாள்: "ஃபுல் பண்ணுப்பா. முப்பத்திமூணு பிடிக்கும்."

பங்க்கில் இருந்தவர் குழாயைச் செருகினார். எண்கள் ஓடின. முப்பத்துமூன்றைத் தொட்டு, ஒரு மிடறு கூடுதலாக இறங்கி, 'டக்' என்று நின்றது.

"இன்னா டீச்சர், வாராவாரம் கரீட்டா சொல்லிகினு கீறீங்க. உள்ள எட்டிப் பாத்துட்டு வர்றீங்களா?"

"மூடிய ஒழுங்கா மூடுப்பா. போன வாரம் ஆடிகினே வந்துது."

நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். என் கண் காரின் பெட்ரோல் மீட்டரில். முள் நேற்றுக் காலையிலேயே காலிக் கோட்டில் படுத்துவிட்டது. அதன் பிறகும் அம்மா ஒரு நாள் முழுக்கப் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். அதற்கு நாலரை லிட்டர் ஆகும். டேங்க்கின் கொள்ளளவு முப்பத்தெட்டு. அதில் முப்பத்துமூன்று போனால் ஐந்து மிச்சம். அந்த ஐந்தோடு நேற்று எரித்ததையும் கூட்டினால், முள் 'காலி' என்று சொன்ன நேரத்தில் உள்ளே கிட்டத்தட்ட பத்து லிட்டர் இருந்திருக்கிறது.

அந்த இடத்தில்தான் எனக்குத் தோன்றியது. இந்த முள் கெட்டுப்போகவில்லை. வாராவாரம் ஒரே அளவு பொய்யைச் சொல்கிறது. ஒரே அளவாகப் பொய் சொல்லும் எதையும் திருத்திவிடலாம்.

புதிதாக வந்தவர்களுக்கு

எங்கள் வண்டியைப் பற்றிய இந்தத் தொடரை ஹாரன் அத்தியாயத்திலிருந்து படிப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். வண்டி பழைய பத்மினி கார், வெளிறிய பச்சை. பக்கத்து அணுமின் நிலைய டவுன்ஷிப்பை விட்டு ஊர் திரும்பிய ஒரு பொறியாளரிடமிருந்து அம்மா வாங்கியது. அப்போது நான் பள்ளியில் இருந்தேன். அம்மா செய்யூர்ப் பக்கம் ஓர் அரசு ஆரம்பப் பள்ளியில் தலைமை ஆசிரியை. எங்கள் தெருவில் கார் ஓட்டிய முதல் பெண். அப்பா டவுன்ஷிப்பில் குழாய்ப் பராமரிப்பு வேலை பார்ப்பவர். அவருக்குக் காரில் நம்பிக்கை கிடையாது, பஸ்ஸில்தான் போவார்.

இருபத்துநாலு வயதில் என்ன நினைவுக் குறிப்பு என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் வண்டி என்னைவிட மூத்தது. நினைவுகள் அதனுடையவை, எழுதுவது மட்டும் நான்.

சாவி விவகாரம்

மாமல்லபுரத்தில் கடற்கரையை ஒட்டி எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடுவார்கள். வரிசையாக நிறுத்திவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, காலை நாஸ்தா நேரம் வரை பேசுவார்கள். வேறொன்றும் நடக்காது. அந்த வரிசைக்கு எங்கள் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும் என்பது என் ஆசை.

எனக்கு லைசென்ஸ் இருந்தது. கேளம்பாக்கத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலையும் இருந்தது. பாதி நாட்கள் வீட்டிலிருந்தே வேலை. சாவி மட்டும் இல்லை.

"முள்ளு சொல்றது உனக்குப் புரியாது ஜெனி," என்பாள் அம்மா. "கால்னு காட்டும், ஆனா பாதி இருக்கும். காலின்னு காட்டும், இன்னும் ரெண்டு நாளு ஓடும். எனக்குப் பழகிப்போச்சு. நீ எடுத்தினா நடு ரோட்ல நிப்ப. பதினோரு வருஷத்துல ஒரு நாளு கூட நான் பெட்ரோல் இல்லாம நின்னதில்ல, தெரியுமா?"

தெரியும். தெருவுக்கே தெரியும். அம்மா அதைச் சொல்லாத வாரம் கிடையாது.

பங்க்கிலிருந்து திரும்பும் வழியில் கேட்டேன். "முள்ளு உண்மையச் சொன்னா சாவி குடுப்பியா?"

அம்மா கியர் மாற்றினாள். "சொல்ல வெச்சிட்டு வா. அப்புறம் பாக்கலாம்."

இதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

டிக்கியின் அடியில்

அடுத்த சனிக்கிழமைக்குள் முள் மறுபடியும் காலிக்கு வந்திருந்தது. அதற்காகத்தான் காத்திருந்தேன். டேங்க்கில் மிச்சமிருந்ததை உறிஞ்சி எடுக்கக் கேன்கள் வேண்டும். அதற்கு வேலு.

வேலு என்னோடு பத்தாவது வரை படித்தவன். குப்பத்தில் அவன் வீட்டுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. கடலுக்குப் போகாத நாட்களில் மற்றவர்களின் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பான். கழுவிக் காயவைத்த நான்கு கேன்களைப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான்.

"இன்னா இன்ஜினியரு, கம்ப்யூட்டர் பட்ச்சிட்டு பெட்ரோல் டேங்க்கா?"

"நீ வாய மூடிட்டு பேட்டரி வயரைக் கழட்டு."

டிக்கியில் விரிப்பை எடுத்தால் டேங்க் தெரியும். அதன் தலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டத் தகடு, சுற்றிலும் திருகுகள், நடுவில் ஒற்றை வயர். மெக்கானிக்குகள் இதை டேங்க் யூனிட் என்பார்கள். தகட்டுக்கு அடியில் ஒரு கம்பி தொங்கும். கம்பியின் நுனியில் பித்தளை மிதவை. பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். கம்பியின் மறுமுனை ஒரு சின்னப் பெட்டிக்குள் மெல்லிய கம்பிச் சுருள் மேல் உரசிக்கொண்டு நகரும். அது எங்கே உரசுகிறதோ அதைப் பொறுத்து முன்னால் முள் நகரும். அவ்வளவுதான் விஷயம்.

திருகுகள் துருப்பிடித்திருந்தன. ஒன்று உடைந்தது. அப்பா மணல் நிரப்பிய வாளியோடு வாசலில் நின்றார். யாரும் அவரை அழைக்கவில்லை.

"ஏங்க, சிகரெட்டா பிடிக்கிறாங்க? உள்ள வாங்க," என்றாள் அம்மா.

"நான் இங்கியே இருக்கேன்," என்றார் அப்பா. மாலை வரை அங்கேயே இருந்தார்.

யூனிட்டை வெளியே எடுத்து முதலில் மல்டிமீட்டரை வைத்தேன். கம்பியைத் தூக்கத் தூக்க எண்கள் தாவாமல் சீராக மாறின. சுருளில் பழுதில்லை. பிறகு மிதவையைக் காதருகே வைத்து ஆட்டினேன். சளக், சளக்.

உள்ளே வெறும் காற்று மட்டும் இருக்க வேண்டிய மிதவை பெட்ரோல் குடித்திருந்தது. பாதி மூழ்கியபடியே இத்தனை வருடம் மிதந்திருக்கிறது. அதனால்தான் முள் எப்போதும் பத்து லிட்டர் குறைத்துச் சொன்னது. டேங்க் நிரம்பினாலும் முக்காலைத் தாண்டாததற்கும் அதுவே காரணம்.

வலையிலிருந்து ஒரு மிதவை

வேலு ஒரு யோசனை சொன்னான். பைக் பெட்டியைத் திறந்து, வலையிலிருந்து கழன்ற ஒரு மிதவையை எடுத்தான். முட்டை அளவு, நடுவில் ஓட்டை, கறுத்த பஞ்சு ரப்பர்.

"இத மாட்டு. கடல்லயே முழுவாது. உன் டேங்க்ல முழுவிடுமா?"

எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் நிரூபிக்கும் சுகத்தை விட மனமில்லை. ஒரு பழைய எவர்சில்வர் டம்ளரில் பெட்ரோல் ஊற்றி அதைப் போட்டு, தோட்டத்து மூலையில் மூடி வைத்தோம்.

மறுநாள் காலையில் அது டீயில் ஊறிய பன்னைப் போல வீங்கி டம்ளரின் வாயை அடைத்திருந்தது. நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வேலு அதை இரண்டு விரலால் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"உப்புத் தண்ணிக்குப் பொறந்தது மச்சி. பெட்ரோலு ஒத்துக்கல."

பித்தளைக்கே திரும்பினோம். சுடுதண்ணீரில் மிதவையை அமுக்கியதும் விளிம்பு ஒட்டில் ஓர் இடத்திலிருந்து பொடிப் பொடியாகக் குமிழிகள் வந்தன. ஊசி முனை அளவு ஓட்டை. அதைக் கொஞ்சம் பெரிதாக்கி உள்ளே இருந்ததைச் சொட்டுச் சொட்டாக வடித்தேன். சுடுதண்ணீர் ஊற்றி அலசி, வாசனை அறவே போகும் வரை மொட்டைமாடியில் காயவைத்தேன். பெட்ரோல் ஆவி உள்ளே இருக்கும்போது சூடு வைத்தால் மிதவை வெடிக்கும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படவில்லை. அம்மா அந்த வாரம் பஸ்ஸில் போனாள். அப்பா அவளுக்கு டைம் டேபிள் சொல்லிக்கொடுத்தார். மகிழ்ச்சியாக இருந்தார்.

கல்லூரியில் வாங்கிய சால்டரிங் அயர்ன் அப்போது பயன்பட்டது. முதல் முறை ஈயம் அதிகமாகிவிட்டது. மிதவை தலையைச் சாய்த்துக்கொண்டு மிதந்தது. அரம் போட்டுத் தேய்த்தேன். இரண்டாம் முறை நேராக மிதந்தது.

இரண்டு இரண்டு லிட்டராக

அதற்கடுத்த சனிக்கிழமை. யூனிட்டை மாட்டி, காலி டேங்க்கில் வேலு அளந்து ஊற்ற, நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக் கத்தினேன். மீட்டர் கண்ணாடியில் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் ஒட்டிக் குறித்துக்கொண்டேன். கம்பியை ஒரு மயிரிழை வளைத்தால் எல்லாக் குறிகளும் மொத்தமாக நகரும். எனவே காலிக் கோட்டை எங்கே வைப்பது என்பது என் கையில் இருந்தது.

"எவ்ளோ மிச்சம் வெக்கப் போற?" என்றான் வேலு.

"ஒண்ணும் கிடையாது. காலின்னா காலி."

"கரைக்கு வர?"

"இதுல ஏதுடா கரை?"

"நாங்க போறதுக்கு ஒரு கேன் வெப்போம், வர்றதுக்கு ஒரு கேன் வெப்போம். வர்ற கேன எண்ணவே மாட்டோம். எவ்ளோ கீதுன்னு யாராச்சும் கேட்டா, அத உட்டுட்டுதான் சொல்லுவோம்."

"இது கார், கடல் இல்ல. நின்னா இறங்கி நடக்கலாம்."

அப்போது இந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

காலிக் கோட்டில் ஒரு லிட்டர்கூட ஒளிந்திருக்காத முள்ளைச் செய்து முடித்தேன். உறிஞ்சி எடுத்ததும் பங்க்கில் வாங்கியதுமாக, கேன்களிலிருந்து இருபது லிட்டர் போயிருந்தது. முள் பாதியைத் தாண்டி ஒரு நூல் அளவில் நின்றது. அம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"அட. நெசமாவே பாதிதானா?"

"நெசமாவே பாதி. இனிமே காலின்னா காலிம்மா. ஞாபகம் வெச்சிக்கோ."

"சரிடி. இந்த வாரம் ஓட்டிப் பாக்கறேன். ஒழுங்கா இருந்தா வர்ற ஞாயித்துக்கெழம சாவி உனக்கு."

அந்த ஞாயிறுதான் மாமல்லபுரத்தில் கூட்டம்.

பாலாற்றுப் பாலம்

வெள்ளிக்கிழமை காலை நான் வீட்டிலிருந்தே ஒரு மீட்டிங்கில் இருந்தேன். யாரோ ஒருவர் திரையில் ஒரு படத்தை விளக்கிக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

"ஜெனி." பின்னால் லாரி ஒன்று இரைந்து போனது. "உன் முள்ளு ஜெயிச்சிடுச்சு. பாலத்து மேல நிக்கிறேன்."

வேலுவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, மடியில் ஐந்து லிட்டர் கேனோடு போனேன். பாலாற்றுப் பாலம் நீளமானது. கீழே மணல், நாணல், எங்கோ ஒரு பட்டையாகத் தண்ணீர். கிழக்கே ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் கடல் ஒரு கோடாகத் தெரியும். பாலத்தின் நடுவில் பச்சை வண்டி நின்றது. ஈசிஆர் பஸ்கள் அதைச் சுற்றிக்கொண்டு ஹாரன் அடித்துப் போயின. கைப்பிடிச் சுவரை ஒட்டி அம்மா, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

அந்தக் கைப்பையில்தான் பள்ளிக்கூடத்துச் சாவி. இறங்கி நடக்கலாம் என்று நான் சொன்ன தூரத்தில் பள்ளி இல்லை.

"நேத்து சாயந்தரமே கோட்டுக்கு வந்துடுச்சு," என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். "நீ சொன்னது ஞாபகம் இருந்துது. காலைல ஏறி உக்காந்ததும், முள்ளப் பாத்தேன், இன்னிக்கி ஒரு நாளு ஓடும்னு கையே சாவியத் திருப்பிடுச்சு."

வேலு புனலை வைத்து ஊற்றினான். காய்ந்துபோன பம்ப் பெட்ரோலை இழுக்க நேரம் பிடித்தது. நான்கு முறை, ஐந்து முறை ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்து ஓய்ந்தது. ஆறாவது முறை பிடித்தது.

அம்மா போன பிறகுதான் வேலு வாயைத் திறந்தான்.

"வர்ற கேனு, மச்சி."

"தெரியும்டா."

மாலையில் அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே ரோட்டோரத்தில் வரிசையாக நின்று, தாங்களாகவே பிரேயர் முடித்து, திருக்குறள் சொல்லி, செய்தி வாசிக்கப் பேப்பர் இல்லாததால் எதிர்க்கடைச் சுவரொட்டியை வாசித்திருக்கிறார்கள். "எருவாட்டி, கோழித் தீவனம்னு ஒருத்தி கத்திப் படிச்சிகினு இருக்கா. நான் போயி எறங்கறேன்." அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பதினோரு வருடக் கணக்கு அன்றோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாவி ஆணியிலேயே தொங்கியது. நான் கேட்கவில்லை.

ஏழு முட்கள்

மாமல்லபுரத்துக்குப் பஸ்ஸில் போனேன். சவுக்கு மரங்களுக்குக் கீழே ஏழு வண்டிகள் நின்றன. பானெட்டுக்குள் எட்டிப் பார்ப்பதே அங்கே மரியாதை. நான் மட்டும் ஒவ்வொரு வண்டியின் ஜன்னல் வழியாகவும் மீட்டரைப் பார்த்தேன். பிறகு உரிமையாளரிடம் போய் ஒரே கேள்வியைக் கேட்டேன்: உங்கள் முள் சரியாகக் காட்டுமா?

ஏழு பேரில் ஒருவருடையதுகூடச் சரியில்லை. ஒருவருடையது எப்போதும் பாதி. இன்னொருவருடையது மேடு ஏறினால் நிறையும், இறங்கினால் வற்றும். ஒருவர் டிக்கியிலிருந்து குறி வெட்டிய மூங்கில் குச்சியை எடுத்துக் காட்டினார். எவரும் வருத்தப்படவில்லை. "முக்கால்னா அரைம்மா. அரைன்னா உடனே பங்க்குக்கு ஓடணும்," என்று தன் முள்ளின் பொய்யை மனப்பாடமாகச் சொன்னார் ஒருவர். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "அது அவருக்குத்தான். எனக்கு இன்னிவரைக்கும் புரியல, அதான் நான் தொடறதே இல்ல," என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அந்த மனைவி சொன்னதை யோசித்துக்கொண்டு வந்தேன். பொய் யாருக்கும் தொந்தரவாக இல்லை. அது ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்ததுதான் தொந்தரவு.

அம்மாவின் அளவு

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு பழைய துணியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போனேன்.

"எத்தினி வண்டி வந்துது?"

"ஏழு."

"நம்மளுதுமாதிரி?"

"ஒண்ணு. ஆனா சீட்டு கிழிஞ்சிருந்துது."

அதைக் கேட்டு அம்மாவுக்குக் கொஞ்சம் திருப்தி. துணியைப் பிழிந்தாள். "முள்ளு மேல தப்பில்லடி. அது சரியாத்தான் சொல்லிச்சு. ஆனா, காலின்னு காட்டினாலும் உள்ள கொஞ்சம் கெடக்கும்னு தெரிஞ்சிதான் நான் டெய்லி வண்டி எடுப்பேன். நீ அந்தக் கொஞ்சத்த எடுத்துட்ட."

"திருப்பி வெச்சிடட்டுமா?"

"பழையபடி பத்தா?"

"எவ்ளோ வேணும்னு சொல்லு. அவ்ளோ வெக்கறேன். ஆனா அது எவ்ளோன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியணும்."

அம்மா தெருவைப் பார்த்தாள். மனக்கணக்குப் போடும்போது அவள் உதடு அசையும்.

"இங்கேர்ந்து ஸ்கூலு. ஸ்கூல்லேர்ந்து திரும்பி வந்து பங்க்கு வாசல். அவ்ளோதான்."

நாலரை லிட்டர். சரியாக இருக்கட்டும் என்று ஐந்து. கம்பியை இந்த முறை எந்தப் பக்கம் வளைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு வளைக்க வேண்டும் என்பது கணக்கில் வரும். ஆனால் கணக்கு மட்டும் போதாது என்பதைப் பாலம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. எனவே ஒரு சோதனை ஓட்டம்: முள் கோட்டைத் தொட்ட இடத்திலிருந்து, வண்டி தானாக நிற்கும் வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். பள்ளி விடுமுறை நாளில். டிக்கியில் ஒரு கேனைக் கட்டிக்கொண்டு.

"நிக்கிற வரைக்குமா?" என்றாள் அம்மா.

"நிக்கிற வரைக்கும்."

கண்ணாடியில் இல்லாத அழுக்கை அம்மா இன்னொரு முறை துடைத்தாள்.

"அப்ப நீ ஓட்டு. நான் ஓட்டினா கை பழைய நெனப்புல எங்கியாவது பங்க்குக்குள்ள திருப்பிடும். நான் பக்கத்துல உக்காந்து கிலோமீட்டர் எழுதறேன்."

வருகிற சனிக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன் கிளம்புகிறோம். செய்யூர்ப் பக்கம் பள்ளிக்கூட வாசல் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். வேலுவிடம் போனைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அப்பா மணல் வாளியை டிக்கியில் ஏற்றச் சொல்கிறார். எடை கூடும், சோதனை கெடும் என்று மறுத்திருக்கிறேன்.

டேங்க்கின் அடியில் பம்ப்புக்கு எட்டாமல் ஒரு லிட்டர் தங்கிவிடும் என்பது என் சந்தேகம். அது சரியென்றால், என் கணக்கின்படி வண்டி திரும்பி வரும்போது பாலாற்றுப் பாலத்தின் மேல் நிற்கும். அம்மா அப்படி நினைக்கவில்லை. பாலத்தைத் தாண்டி, ஊருக்குள் நுழைந்து, பங்க் வாசலில், குழாய்க்கு எட்டும் தூரத்தில் நிற்கும் என்கிறாள்.